முதல் தடவை கூட்டிப் போய்விட்டீர்கள், இரண்டாவது தடவை? தன்னைக் காயப்படுத்திக்கொண்ட பிள்ளை சிகிச்சையை விட்டுவிடாமல் இருக்க, நீலகிரிப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் ஒரு பிள்ளை கையில் காயத்தோடு ஆறு மாதம் நடமாடினாலும் வீட்டுக்குத் தெரியாமல் போகும். வருஷம் முழுக்க எல்லோரும் ஸ்வெட்டரில்தான் இருக்கிறோம். முழுக்கையை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதனால் விஷயம் வெளியே வருவதே பெரும்பாலும் ஒரு அவசர ராத்திரியில்தான். கிடைத்த ஜீப்பிலோ ஆட்டோவிலோ ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். கட்டுப் போடுகிறார்கள், மனநல மருத்துவர் வந்து பேசுகிறார், "அடுத்த வாரம் வாங்க" என்று ஓ.பி. சீட்டில் தேதி எழுதித் தருகிறார். அந்த அடுத்த வாரம் பல வீடுகளில் வருவதே இல்லை.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பதினோரு வருஷமாக ஆலோசகராக வேலை செய்கிறேன். டாக்டர் சரியில்லை, மருந்து சரியில்லை என்று சிகிச்சை நின்றுபோன பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. முதல் வருகைக்கும் இரண்டாவது வருகைக்கும் நடுவே கைவிட்டுப் போனவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மறுபடியும் ஆபத்து வர அதிக வாய்ப்புள்ள காலம். சிகிச்சை அறுந்துபோவதும் அதே வாரங்களில்தான். அதனால் இந்தக் கட்டுரையில் அந்த வாரங்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் பிள்ளை உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்தால் படிப்பதை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416 இருக்கிறது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பிள்ளைகள் தாங்களே அழைக்க 1098 இருக்கிறது.

முதல் படி: ஆஸ்பத்திரி வாசலில் உண்மையைச் சொல்லுங்கள்

"வழுக்கி விழுந்துட்டா சார்." இந்த ஒரு வரியில்தான் நிறைய பிள்ளைகளின் சிகிச்சை தொடங்கும் முன்பே முடிந்துபோகிறது. காயத்துக்குத் தையல் போட்டு அனுப்பிவிடுவார்கள், மனநல மருத்துவருக்குச் சொல்லியே அனுப்ப மாட்டார்கள். பெற்றோர் பொய் சொல்வது பயத்தினால். போலீஸ் கேஸ் ஆகிவிடும், பிள்ளையின் படிப்பு போய்விடும், நாளைக்குக் கல்யாணப் பேச்சில் வந்து நிற்கும் என்ற பயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரி காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது நடைமுறை. ஒரு காவலர் வந்து விசாரித்து எழுதிக்கொண்டு போகலாம். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாதவரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இடம்பெறவே இல்லை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் பொறுப்பும் ஆஸ்பத்திரிக்கு உண்டு. பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் தாங்களாகப் போய்ச் சொல்ல முடியாது.

கிளம்புவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: அடுத்த தேதி, அன்று யாரைப் பார்க்க வேண்டும் என்ற பெயர், நடுவில் ஏதாவது ஆனால் அழைக்க ஒரு எண். "வெள்ளிக்கிழமை வாங்க" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. யார் இருப்பார், எந்த அறை, எத்தனை மணி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல், ஆபத்து இன்னும் இருப்பதாகத் தெரிந்தால் மதிப்பீடு முடிந்த 48 மணி நேரத்துக்குள் மறுபடி தொடர்புகொள்ளச் சொல்கிறது. நம் ஊர் ஓ.பி. கூட்டத்தில் அது தானாக நடக்காது. "இரண்டு நாள் கழித்து நானே போன் செய்யட்டுமா, யாரிடம் பேச வேண்டும்?" என்று நீங்கள் கேட்டால் நடக்கும்.

இரண்டாம் படி: வீட்டில் முதல் இரண்டு நாள்

சத்தியம் வாங்காதீர்கள். "இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்னு அம்மா தலையில கை வச்சு சொல்லு" என்பது நம் வீடுகளில் முதலில் நடப்பது. அந்தச் சத்தியம் பிள்ளையைக் காப்பாற்றாது. அடுத்த முறை தோன்றும்போது உங்களிடம் சொல்ல விடாமல் வாயை அடைக்கும், அவ்வளவுதான். சத்தியத்தை மீறிவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி வேறு சேர்ந்துகொள்ளும்.

ஸ்வெட்டர் கையைத் திடீரென்று இழுத்துப் பார்க்காதீர்கள். தினமும் சோதனை போட்டால் பிள்ளை கையை விட்டுவிட்டு வேறு இடத்தைத் தேடும். "காயத்துக்கு மருந்து போடணும், நீயே காட்டுறியா, நான் கண்ணை மூடிக்கவா?" என்று ஒரு அம்மா தன் மகளிடம் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பிறகு தானே கையை நீட்டினாள்.

சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம் வேண்டாம், கேட்பதனால் அந்த எண்ணம் வராது. காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகளில் பலர் சாக நினைத்துச் செய்வதில்லை. தாங்க முடியாத ஒன்றைச் சற்று நேரம் தணிக்கச் செய்கிறார்கள். அதற்காக லேசாகவும் எடுத்துக்கொள்ள முடியாது, பிற்காலத்தில் உயிராபத்துக்கு அதுவே ஒரு முக்கியமான முன் அறிகுறி. இரண்டில் எது என்று ஊகிக்க வேண்டாம், கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஆபத்தானவை எல்லாம் பூட்டுக்குள் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்துக்கும் கேரட், உருளைக் காட்டுக்கும் அடிக்கும் மருந்துகள், பாட்டியின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாமே. சாவி ஒரே ஒரு பெரியவரிடம் இருக்கட்டும். முடிந்தால் பூச்சிமருந்தை வீட்டுக்கு வெளியே, பக்கத்து வீட்டிலோ பங்காளி வீட்டு ஷெட்டிலோ வைத்துப் பூட்டிவிடுங்கள். உந்துதல் உச்சத்தில் இருப்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பிக்கின்றன.

மூன்றாம் படி: காலண்டரில் ஒன்பது தேதி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் ஒரு ஆய்வு நடத்தி 2008இல் முடிவை வெளியிட்டது. ஐந்து இடங்களில் ஒன்று நம் சென்னை. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு. மற்றவர்களுக்கு அதோடு கூட ஒரு மணி நேர உரையாடல், பிறகு 18 மாதங்களுக்குள் ஒன்பது முறை தொடர்பு. பெரிய சிகிச்சை எதுவும் கிடையாது. போனிலோ நேரிலோ "எப்படி இருக்கீங்க, உதவி ஏதாவது வேணுமா" என்று கேட்பதுதான். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்பில் இருந்தவர்களில் 0.2 சதவீதம். மலையில் இருக்கும் நமக்கு இதைவிட நல்ல செய்தி வேண்டாம். ஒவ்வொரு முறையும் பஸ் ஏறினால்தான் சிகிச்சை என்று இல்லை. போனும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அந்த ஒன்பது தொடர்புகள் 1, 2, 4, 7, 11ஆவது வாரங்களிலும் 4, 6, 12, 18ஆவது மாதங்களிலும் நடந்தன. இந்தத் தேதிகளை உங்கள் வீட்டுக் காலண்டரில் இன்றைக்கே வட்டமிடுங்கள். டாக்டர் சொன்ன தேதிகள் தனி. இவை அதற்கு மேல் ஒரு வேலி. அன்றைக்கு ஆலோசகரோ சமூகப் பணியாளரோ பிள்ளையோடு ஐந்து நிமிடம் பேச வேண்டும். அவர்கள் அழைக்கவில்லை என்றால் நீங்கள் அழையுங்கள். ஆரம்பத்தில் தேதிகள் நெருக்கமாகவும் போகப் போக விலகியும் இருப்பதைக் கவனியுங்கள். நாம் வழக்கமாகச் செய்வது தலைகீழ்: முதல் வாரம் "பாவம், ஓய்வெடுக்கட்டும்" என்று விட்டுவிட்டு மூன்று மாதம் கழித்துப் பதறுகிறோம்.

நான்காம் படி: பஸ், மழை, ஒரு நாள் கூலி

பந்தலூரிலிருந்து ஊட்டி சுமார் 70 கிலோமீட்டர், வளைந்து வளைந்து ஏறும் பாதை. பாதிப் பிள்ளைகளுக்கு வழியிலேயே வாந்தி வந்துவிடும். போய்ச் சேரும்போது பேசத் தெம்பு இருக்காது, வரிசை வேறு. "அங்க போனா உடம்புதான் கெடுது" என்று பிள்ளை சொல்வதில் தப்பே இல்லை.

எனவே முதலில் கேட்க வேண்டியது, பக்கத்தில் எங்காவது பார்க்க முடியுமா என்பது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறது என்று கூடலூரிலோ குன்னூரிலோ கோத்தகிரியிலோ உங்களுக்குக் கிட்ட இருக்கும் அரசு மருத்துவமனையில் விசாரியுங்கள். முதல் மதிப்பீட்டுக்கு ஊட்டி, அடுத்தடுத்த சந்திப்புக்குத் தாலுகா, நடுவே போன் என்று பிரித்துக்கொள்ள முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். 2024இலிருந்து நம் மலைப் பகுதியிலும் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மாவும் மகளும் போவதென்றால் பஸ் செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை.

கூலிதான் பெரிய தடை. தேயிலைக் கொழுந்து கொட்டும் மாதத்தில் ஒரு நாள் லீவு என்றால் வீட்டுக் கணக்கே உதைக்கும். எப்போதும் அம்மாவே போக வேண்டும் என்றில்லை. ஒரு முறை அம்மா, ஒரு முறை சித்தப்பா, ஒரு முறை அத்தை. யார் போனாலும் பிள்ளைக்குப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும், வழியெல்லாம் புத்தி சொல்லாத ஆளாக இருக்க வேண்டும். திரும்பி வரும்போது குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுங்கள். அந்த நாளில் பிள்ளைக்கென்று நல்லதாக ஒன்று இருக்கட்டும்.

இரண்டு காலங்களை முன்கூட்டியே நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மழை. குந்தா, கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும் மண்சரிந்து பாதை அடைபடும். அந்த மாதங்களில் மாத்திரை தீரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிட வேண்டும். மற்றொன்று மே மாதம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டி ரோடு நகராது. பிளஸ் டூ ரிசல்ட்டும் அதே மாதத்தில்தான். பிள்ளைக்கு ஆலோசகர் மிகவும் தேவைப்படும் வாரமும் பஸ் கிடைக்காத வாரமும் ஒன்றாக வருகின்றன. ரிசல்ட் வரும் வாரத்துக்கு ஒரு போன் சந்திப்பை ஏப்ரலிலேயே கேட்டு வாங்கி வையுங்கள்.

ஐந்தாம் படி: பிள்ளை எதற்காக வர வேண்டும்?

பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துவது வேறு, பிள்ளை தானாக வருவது வேறு. லண்டனில் டென்னிஸ் ஓக்ரின் என்ற மனநல மருத்துவரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தன்னைக் காயப்படுத்திக்கொண்டு வந்த 70 வளரிளம் பிள்ளைகள். ஒரு பாதிக்கு வழக்கமான மதிப்பீடு மட்டும். இன்னொரு பாதிக்கு அதோடு அரை மணி நேரம் கூடுதலாக. அந்த அரை மணியில் பிள்ளையும் மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து, என்ன வலிக்கிறது, அது எப்படிச் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது, எந்த இடத்தில் வெளியே வர வழி இருக்கிறது என்று காகிதத்தில் படமாக வரைந்தார்கள். அடுத்த சந்திப்புக்கு வந்தவர்கள் முதல் பாதியில் 49 சதவீதம், இரண்டாம் பாதியில் 83 சதவீதம். அரை மணி நேரத்துக்கும் ஒரு தாளுக்கும் அவ்வளவு வலு.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பதினொன்றாம் வகுப்புப் பெண். தாள் கேட்டேன், அவளிடம் இருந்தது அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து வந்த கொழுந்து எடைச் சீட்டு. அதன் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். மேலே "மார்க்" என்று எழுதினாள். அங்கிருந்து ஒரு அம்பு, "அப்பா பேசலை." அடுத்த அம்பு, "நான் பாரம்." அடுத்தது ஸ்வெட்டர் கை ஒன்றை மட்டும் வரைந்தாள், பெயர் எழுதவில்லை. பிறகு "கொஞ்ச நேரம் நிம்மதி." பிறகு "மறைக்கணும்." பிறகு திரும்ப "அப்பா பேசலை." எங்கே வெட்டலாம் என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா பேசலைங்கற இடத்துல, அக்கா" என்றாள். அடுத்த சந்திப்புக்கு அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் அவளைக் கூட்டி வரவில்லை, அவள் அவரைக் கூட்டி வந்தாள்.

இந்தப் படத்தைப் பெற்றோர் வீட்டில் வரைய முயல வேண்டாம், அது விசாரணை ஆகிவிடும். ஆலோசகரிடம் கேளுங்கள். அதோடு இன்னொரு சீட்டும் கேட்டு வாங்குங்கள், பாதுகாப்புத் திட்டம். உந்துதல் வருவதற்கு முன் எனக்கு என்ன ஆகிறது, அப்போது நானே என்ன செய்யலாம், யாரிடம் போய் உட்காரலாம், யாரை அழைக்கலாம். பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் வார்த்தையில். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் முகம் கழுவினாலே பாதிப் பேருக்குத் தலை தெளியும் என்று பிள்ளைகளே எழுதுகிறார்கள். அந்தச் சீட்டு போன் கவருக்குள் இருக்கட்டும்.

வீட்டில் படுகு பேசும் பிள்ளை, மலையாளமோ கன்னடமோ பேசும் பிள்ளை, பணியர் அல்லது இருளர் பிள்ளை, தமிழில் பாடம் ஒப்பிக்கும், அழுவது தாய்மொழியில்தான். அந்த மொழி தெரிந்த பணியாளர் இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆறாம் படி: எது ரகசியம், எது இல்லை

வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த தவறை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பெண் என்னிடம் ஒரு மணி நேரம் பேசினாள். வெளியே அவள் அம்மா அழுதுகொண்டிருந்தார். மனம் கேட்காமல், அவள் சொன்னதில் பாதியை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் அது சண்டையானது. அந்தப் பெண் என்னிடம் திரும்ப வரவில்லை, வேறு யாரிடமும் போகவில்லை. நல்ல எண்ணத்தில் செய்த துரோகம் அது.

இப்போது முதல் சந்திப்பிலேயே மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பேசிவிடுகிறோம். பிள்ளை சொல்வது பிள்ளையோடு இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் பெற்றோருக்குச் சொல்வேன், அதையும் முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். யாராவது பாலியல் ரீதியாகத் துன்புறுத்தியிருந்தால் 2012 போக்சோ சட்டப்படி நான் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். இதை மறைத்து வைத்துவிட்டு நடுவில் சொன்னால் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக நினைக்கும். உங்கள் ஆலோசகர் இதைச் சொல்லவில்லை என்றால் நீங்களே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் "என்ன கேட்டாங்க, என்னைப் பத்தி என்ன சொன்ன?" என்று பஸ்ஸில் துளைக்காதீர்கள்.

ஏழாம் படி: "இப்போ நல்லாத்தான் இருக்கேன்"

நான்காவது, ஐந்தாவது வாரத்தில் இந்த வாக்கியம் வரும். பிள்ளை சிரிக்கிறது, சாப்பிடுகிறது, ஸ்கூலுக்குப் போகிறது. வீட்டுக்கும் நிம்மதி. இனி எதற்கு ஊட்டிக்கு அலைய வேண்டும் என்று அப்பா கேட்பார். காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திப் பழகிய நமக்கு அது நியாயமாகத்தான் தெரியும்.

ஆனால் இதுவரை ஆறியது காயம் மட்டும். கஷ்டம் வரும்போது வேறு என்ன செய்வது என்று பிள்ளை இனிமேல்தான் கற்கப் போகிறது. அந்தப் பழக்கம் வர மாதங்கள் ஆகும். "போக வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் சண்டை போடாமல், "முழுசா நிறுத்த வேணாம், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு கேட்போமா?" என்று பேரம் பேசுங்கள். ஆலோசகரைப் பிடிக்கவில்லை என்றால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளை மாற்றலாம். சிகிச்சையை விடுவதற்கு அது காரணமாகிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்திருந்தால், அதன் பலன் தெரியவே சில வாரங்கள் பிடிக்கும். முதல் வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் கூடலாம். சாவு பற்றிய எண்ணமும் கூடலாம். அப்படித் தெரிந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரை அழையுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். மாத்திரை அட்டை பெரியவர் கையில் இருக்கட்டும், ஒரு நேரத்துக்கு ஒரு வேளை மாத்திரை மட்டும் பிள்ளை கைக்குப் போகட்டும்.

கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பள்ளிவாசலுக்கோ போவதை, ஹெத்தையம்மனுக்கு வேண்டிக்கொள்வதை நான் தடுத்ததே இல்லை. அது சிகிச்சைக்குப் பதிலாக ஆகிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு ஆசிரியரிடம் மட்டும் சொல்லுங்கள். யாரிடம் என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும்.

எட்டாம் படி: மறுபடியும் நடந்தால்

நடக்கலாம். அன்று பெற்றோர் சொல்லும் முதல் வார்த்தை முக்கியம். "இவ்வளவு செஞ்சும் இப்படியா?" என்றால் பிள்ளை இனி மறைக்கும். "வந்து சொன்னியே கண்ணு, அது போதும். வா, முதல்ல காயத்தைப் பார்ப்போம்" என்றால் அடுத்த சந்திப்புக்கு வரும். சந்திப்பை முன்னால் இழுங்கள், தள்ளிப் போடாதீர்கள். பாதுகாப்புச் சீட்டில் எந்த வரி உதவவில்லை என்று பார்த்து அதை மாற்றி எழுதச் சொல்லுங்கள்.

ஒரு தேதி தவறிப்போனாலும் இதேதான். மழையாலோ வேலையாலோ இரண்டு மாதம் போகவில்லை என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு மொத்தமாக நின்றுவிடுகிறார்கள். டாக்டர் திட்டுவார் என்று பயம். திட்டினாலும் பரவாயில்லை, போங்கள். பழைய ஓ.பி. சீட்டு தொலைந்திருந்தாலும் போங்கள்.

அந்த எடைச் சீட்டுப் பெண்ணின் அம்மா பதினெட்டாவது மாதம் என்னை அழைத்தார். "காலண்டர்ல கடைசி வட்டம் மேடம், அதான் போட்டேன்" என்றார். மகள் பக்கத்தில் இல்லை, கோயம்புத்தூரில் காலேஜில் இருந்தாள். அவளுடைய நம்பரை வாங்கி அவளிடமே பேசினேன். ஹாஸ்டல் சாப்பாடு பற்றிப் பத்து நிமிடம் குறை சொன்னாள். நடுவில், செமஸ்டர் நேரத்தில் ஒரு நாள் ராத்திரி பழைய நினைப்பு வந்ததாகவும், ரூம் மேட்டை எழுப்பி மொட்டை மாடிக் குழாயில் முகம் கழுவப் போனதாகவும் சொன்னாள். "ஆனா அக்கா, இந்த ஊர்த் தண்ணி ஜில்லுன்னே இல்ல" என்றாள். காலேஜில் ஆலோசகர் இருக்கிறாரா என்று கேட்டேன். புதன்கிழமை வருவார் என்றாள், பெயரும் சொன்னாள்.